கொடி சொல்லும் கணக்கு

நுழையும்முன்

ஒரு நாட்டின் கொடியைக் காணும்போது நம் கண்ணில் முதலில் படுவது நிறம்; அடுத்து, சின்னம். நிறத்தையும் சின்னத்தையும் தாங்கி நிற்கும் நீள அகலத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால், நாடுகள் அதனை எண்ணிப் பார்த்திருக்கின்றன; தீர்மானங்களிலும் சட்டங்களிலும் அரசமைப்பிலும் எழுதி வைத்திருக்கின்றன. கொடிக்கு ஏன் இத்தனை கணக்கு? அக்கணக்கு நமக்கு உணர்த்தும் உண்மை யாது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

கொடியும் தமிழரும்

'கொடி' என்னும் சொல் தமிழில் பற்றிப் படரும் தாவரத்தையும் காற்றில் அசையும் துணியையும் ஒருங்கே குறிக்கும். கொம்பைப் பற்றிக்கொண்டு உயரே எழுதலும் காற்றுக்கு அசைதலும் இரண்டுக்கும் பொது. வில்லும் புலியும் மீனும் பொறித்த கொடிகள் முறையே சேர, சோழ, பாண்டியரின் அடையாளங்களாக விளங்கின. கொடி மன்னர்க்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த பலவகைக் கொடிகளைக் காட்டுகிறது. தெய்வம் உறையும் கோவில் வாயிலில் ஒரு கொடி; கற்றறிந்தோர் வாதிட அழைக்கும் இடத்தில் ஒரு கொடி; துறைமுகத்தில் நின்ற கலங்களின் பாய்மரத்தில் ஒரு கொடி; கள் விற்கும் இல்லத்தின் முன் ஒரு கொடி. 'இங்கு இன்னது உண்டு' எனத் தொலைவில் வருவோர்க்கு வாய் திறவாமல் அறிவித்தலே அக்கொடிகளின் பணி.

இன்றைய நாட்டுக்கொடியும் அதே பணியைத்தான் செய்கிறது. ஆயினும், ஒரு வேறுபாடு உண்டு. அன்றைய கொடியைத் தைத்தவர் தம் கையிலிருந்த துணிக்கு ஏற்ப நீள அகலங்களை அமைத்துக்கொள்ள முடிந்தது. இன்று ஒரு நாட்டின் கொடி ஆயிரக்கணக்கான இடங்களில், ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கானோரால் தைக்கப்படுகிறது, அச்சிடப்படுகிறது, வரையப்படுகிறது. அவை அனைத்தும் ஒரே கொடியாக இருக்க வேண்டுமானால், அனைவர்க்கும் பொதுவான அளவுகோல் ஒன்று தேவை. அந்த அளவுகோலே விகிதம்.

அளவு வேறு, விகிதம் வேறு

அளவையும் விகிதத்தையும் ஒன்றாகக் கருதிவிடுதல் ஆகாது. 150 சென்டிமீட்டர் நீளம், 100 சென்டிமீட்டர் அகலம் என்பது அளவு. நீளம் மூன்று பங்கானால் அகலம் இரண்டு பங்கு என்பது விகிதம். அளவு ஒரு கொடிக்கு உரியது. விகிதம் அந்நாட்டின் எல்லாக் கொடிகளுக்கும் உரியது. கணக்குப் பாடத்தில் 'வடிவொத்த உருவங்கள்' என நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு முக்கோணத்தைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும், பக்கங்களின் விகிதம் மாறாதவரை அதன் வடிவம் மாறுவதில்லை. கொடிக்கும் இஃது அப்படியே பொருந்தும்.

கொடியின் விகிதத்தை எழுதும்போது அகலத்தை முன்னும் நீளத்தைப் பின்னும் எழுதுவது உலக வழக்கு. அகலம் என்பது கொடிமரத்தை ஒட்டிய பக்கம். நீளம் என்பது கொடிமரத்திலிருந்து விலகிப் பறக்கும் பக்கம். இவ்வழக்கின்படி நம் நாட்டுக்கொடியின் விகிதம் 2:3 ஆகும். இதனையே நீளத்தை முன்வைத்து 3:2 எனவும் எழுதுவர். இரண்டும் ஒன்றே.

தறி தந்த விகிதம்

உலகக் கொடிகளில் மிகுதியாகக் காணப்படும் விகிதங்கள் இரண்டு. ஒன்று 2:3, மற்றொன்று 1:2. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, இலங்கை, நைஜீரியா, ஜமைக்கா ஆகியவற்றின் கொடிகள் 1:2 என்னும் விகிதத்தில் அமைந்தவை. இவையனைத்தும் ஒரு காலத்தில் பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்த நாடுகள் என்பதை நோக்குக. பிரித்தானியக் கொடியின் விகிதமும் 1:2 ஆகும். அவ்விகிதம் எங்கிருந்து வந்தது?

அதற்கான விடை அரண்மனையில் இல்லை, தறியில் இருக்கிறது. 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயக் கடற்படைக்கான கொடிகள், குறுகலாக நெய்யப்பட்ட கம்பளித் துணிப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக இணைத்துத் தைக்கப்பட்டன. எத்தனை பட்டைகள் சேர்கின்றனவோ, அதுவே கொடியின் அகலம். பட்டை ஒன்றுக்கு அரை கெசம், அதாவது 18 அங்குல நீளம் என்பது தையற்காரர் கைக்கொண்ட கணக்கு. அக்காலத்தில் ஒரு பட்டையின் அகலம் 11 அங்குலமாக இருந்தமையால், கொடியின் விகிதம் 11:18 ஆயிற்று. பின்னர்த் துணிப் பட்டையின் அகலம் 10 அங்குலமாகக் குறைந்தது; கொடி 5:9 ஆயிற்று. மேலும் குறைந்து 9 அங்குலமானபோது, 9:18, அதாவது 1:2 என்னும் விகிதம் பிறந்தது.

இதில் வியப்பு யாதெனில், கொடியை நீளமாக்க வேண்டும் என எவரும் திட்டமிடவில்லை. கணக்கு மாறவில்லை, தறியிலிருந்து வந்த துணிதான் மாறியது. நெசவாளரின் தறி அகலம், கப்பலின் பாய்மரத்தில் ஏறி, கடல் கடந்து, இன்று பல நாடுகளின் சட்டங்களில் அமர்ந்திருக்கிறது. நெசவுத் தொழில் செழித்த ஊர்களில் வாழும் மாணவர்க்கு இச்செய்தி எளிதில் விளங்கும்.

தெரியுமா?

கனடாவின் கொடி 1965 பிப்ரவரி 15 முதல் பறக்கிறது. 1:2 விகிதமுள்ள அக்கொடியில், இருபுறமும் சிவப்புப் பட்டைகள். நடுவில் அவற்றைப்போல் இருமடங்கு அகன்ற வெண்பகுதி. அதனால் வெண்பகுதி மிகச் சரியான சதுரமாக அமைகிறது. அச்சதுரத்தின் நடுவே மேப்பிள் இலை நிற்கிறது. விகிதம் மாறினால் அச்சதுரம் சதுரமாக இராது.

நாடுகளும் விகிதங்களும்

எல்லா நாடுகளும் இவ்விரு விகிதங்களுக்குள் அடங்கிவிடவில்லை. பெல்ஜியத்தின் நாட்டுக்கொடி 13:15 என்னும் விகிதத்தில் ஏறத்தாழச் சதுரமாகத் தோன்றும். கத்தார் நாட்டின் கொடி 11:28 என்னும் விகிதத்தில் அகலத்தைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் நீண்டிருக்கும். நாட்டுக்கொடிகளுள் மிக நீண்ட வடிவம் அதனுடையதே. சுவிட்சர்லாந்து, வத்திக்கான் ஆகியவற்றின் கொடிகள் சதுரமானவை.

டென்மார்க்கின் கொடி 28:37 என்னும் விகிதம் கொண்டது. இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன எனத் திகைக்க வேண்டா. சிவப்பு நிலத்தில் வெண்சிலுவை பொறித்தது அக்கொடி. சிலுவையின் தடிப்பு 4 பங்கு; அதற்கு மேலும் கீழும் 12 பங்கு வீதம் சிவப்பு. ஆக, அகலம் 28. நீளவாக்கில் கொடிமரத்தின் பக்கம் 12, சிலுவை 4, பறக்கும் பக்கம் 21. ஆக, நீளம் 37. உட்பகுதிகளைக் கூட்டினால் கொடி கிடைத்துவிடுகிறது.

விகிதத்தின் தேவையைத் தெளிவாக உணர்த்துபவை இந்தோனேசியா, மொனாக்கோ ஆகிய நாடுகளின் கொடிகளே. இரண்டிலும் மேலே சிவப்பு, கீழே வெண்மை. சின்னம் எதுவும் இல்லை. மத்தியதரைக் கடற்கரையில் உள்ள சிறிய நாடான மொனாக்கோ 1881 இல் தன் கொடியை ஏற்றது. பல்லாயிரம் தீவுகளைக் கொண்ட இந்தோனேசியா 1945 இல் விடுதலையை அறிவித்தபோது அதே நிறங்களை உயர்த்தியது. முன்னதன் விகிதம் 4:5. பின்னதன் விகிதம் 2:3. நிறத்தாலும் அமைப்பாலும் ஒன்றாகத் தோன்றும் இரு கொடிகளை வடிவத்தால் பிரித்துக் காட்டுவது விகிதம் ஒன்றே.

விகிதம் வரையறுக்கப்படாதபோது என்ன நேரும் என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு சான்றாகும். அந்நாட்டுக் கொடியில் பட்டைகளின் எண்ணிக்கையும் விண்மீன்களின் எண்ணிக்கையும் சட்டத்தில் இருந்தன. நீள அகல விகிதம் இல்லை. ஆகவே, கொடி செய்தவர்கள் தத்தம் விருப்பப்படி விண்மீன்களை அடுக்கினர். வெவ்வேறு நீள அகலங்களில் தைத்தனர். 1912 இல் குடியரசுத் தலைவர் டாஃப்ட் பிறப்பித்த ஆணையே அதனை முதன்முதலில் ஒழுங்குபடுத்தியது. இன்று நடைமுறையில் உள்ள 10:19 என்னும் விகிதம், 1959 இல் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் வெளியிட்ட ஆணையில் இடம்பெற்றுள்ளது.

அரசமைப்புக்குள் ஒரு வடிவியல் பாடம்

நம் அண்டை நாடான நேபாளத்தின் கொடி நாற்கரமே அன்று. ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரு முக்கோணங்கள் இணைந்த வடிவம் அது. உலக நாடுகளின் கொடிகளுள் நாற்கரம் அல்லாத ஒரே கொடி அதுவே. நீளத்தைக் காட்டிலும் கொடிமரத்தை ஒட்டிய பக்கம் மிகுந்திருப்பதும் அதன் தனித்தன்மை.

இத்தகைய வடிவத்தை எண்களால் மட்டும் சொல்லிவிட இயலாது. எனவே, 1962 இல் இயற்றப்பட்ட அந்நாட்டின் அரசமைப்பு, கொடியை வரையும் முறையையே படிப்படியாக எழுதி வைத்தது. 2015 இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பிலும் அம்முறை இணைப்பாக இடம்பெற்றுள்ளது. அதன் தொடக்கப் படிகளை நம் சொற்களில் காண்போம்.

செந்நிறத் துணியின் கீழ்ப்பகுதியில் இடமிருந்து வலமாக ஒரு கோடு வரைக. அக்கோட்டின் இடப்புற முனையிலிருந்து செங்குத்தாக மற்றொரு கோட்டை மேல்நோக்கி வரைக. அது முதற்கோட்டின் நீளத்தோடு அதன் மூன்றில் ஒரு பங்கையும் சேர்த்த நீளமாக இருக்கட்டும். நிலைக்கோட்டில், அடியிலிருந்து முதற்கோட்டுக்குச் சமமான உயரத்தில் ஒரு புள்ளி குறித்து, அதனை முதற்கோட்டின் வலப்புற முனையோடு இணைத்திடுக. இவ்வாறு தொடரும் படிகள், பிறையும் ஞாயிறும் அமையும் இடங்களையும் வகுத்து, கொடியைச் சுற்றிவரும் நீல விளிம்பில் நிறைவடைகின்றன.

முதற்கோடு 3 பங்கானால் நிலைக்கோடு 4 பங்கு. நீல விளிம்பைச் சேர்ப்பதற்கு முன், கொடியின் அகல உயரங்கள் 3:4 என்னும் விகிதத்தில் இருக்கும். கோணமானியும் கவராயமும் ஏந்திய மாணவர் எவரும் இக்கொடியை வரைந்துவிடலாம். இங்கு நாம் கருத்தூன்ற வேண்டிய இடம் முதற்படியாகும். அக்கோடு எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும்? 'வேண்டிய அளவு' என்கிறது அரசமைப்பு. அடுத்தடுத்த கோடுகள் அனைத்தையும் கட்டுப்படுத்தும் சட்டம், முதற்கோட்டை மட்டும் வரைபவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. அளவு உங்களுடையது, விகிதம் நாட்டினுடையது என்பதே அதன் பொருள்.

கண்ணுக்குச் சமம்

கணக்கில் சமமாக இருப்பது கண்ணுக்கும் சமமாகத் தோன்றும் என்பதற்கு உறுதியில்லை. பிரான்சு நாட்டுக் கொடியில் நீலம், வெண்மை, சிவப்பு ஆகிய மூன்று பட்டைகள் நெடுக்காக நிற்கும். நிலத்தில் பறக்கும் கொடியில் மூன்றும் ஒரே அகலம் உடையவை. ஆனால், பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்களில் பறக்கும் கொடியில் அவை 30:33:37 என்னும் விகிதத்தில் அமைகின்றன. 1853 முதல் இம்முறை கைக்கொள்ளப்பட்டு வருகிறது.

கொடிமரத்தை ஒட்டிய பட்டை நிலையாக நிற்கும். விலகிப் பறக்கும் பட்டையோ காற்றில் மடிந்தும் நெளிந்தும் குறுகித் தோன்றும். எனவே, ஓரத்தில் உள்ள சிவப்புக்குச் சற்றுக் கூடுதலாகத் துணி கொடுக்கப்பட்டது. கடலில் தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு மூன்றும் சமமாகத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். தளர்ந்து தோன்றுவதற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்துச் சமநிலையை உண்டாக்கும் இவ்வறம், கொடிக்கு மட்டும் உரியதன்று.

நம் மூவண்ணக் கொடி

1947 சூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை கூடியது. நாட்டுக்கொடி பற்றிய தீர்மானத்தைச் சவகர்லால் நேரு முன்மொழிய, சபை அதனை ஏற்றது. விடுதலைக்கு இன்னும் 24 நாள்களே இருந்தன. பிரிவினையின் பெருந்துயர் சூழ்ந்திருந்த அக்காலத்தில் நிறைவேறிய அத்தீர்மானம் மிகச் சுருக்கமானது. ஆயினும், அதில் கணக்கு இருந்தது. காவி, வெண்மை, பச்சை ஆகிய மூன்று நிறங்களும் கிடைமட்டமாகச் சம அளவில் அமைய வேண்டும். வெண்பட்டையின் நடுவே கருநீலச் சக்கரம் இருக்க வேண்டும். சாரநாத்தில் உள்ள அசோகரின் சிங்கத் தூணின் தலைப்பகுதியில் காணப்படும் சக்கரத்தின் வடிவமே அதன் வடிவம். சக்கரத்தின் விட்டம் வெண்பட்டையின் அகலத்துக்கு ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். கொடியின் அகலமும் நீளமும் பொதுவாக 2:3 என்னும் விகிதத்தில் அமைய வேண்டும்.

பிரித்தானியக் கொடியின் 1:2 விகிதம் நம் மண்ணில் நெடுங்காலம் பறந்தது. விடுதலை பெறவிருந்த இந்தியா அதனைத் தொடரவில்லை. தனக்கென 2:3 என்பதைத் தெரிந்துகொண்டது.

விடுதலைக்குப் பின் பொருள்களின் தரத்தை வரையறுக்கும் பணி தொடங்கியது. சிமெண்டுக்கும் இரும்புக்கும் உணவுப் பொருளுக்கும் தரநிலைகள் எழுதப்பட்டன. ஒவ்வொரு தரநிலைக்கும் ஓர் எண் உண்டு. அவற்றுள் முதலாம் எண் எப்பொருளுக்கு வழங்கப்பட்டது தெரியுமா? நாட்டுக்கொடிக்கே. 1951 இல் வெளியான அந்த 'இந்தியத் தரநிலை 1', துணியின் தன்மை, நிறம், தையல், அளவு ஆகியவற்றை வரையறுத்தது. நாடு மெட்ரிக் முறைக்கு மாறியபோது, 1964 இல் அதுவும் திருத்தப்பட்டது. அதன்படி அமைந்த ஒன்பது அளவுகளையும், ஒவ்வொன்றிலும் அசோகச் சக்கரத்தின் விட்டத்தையும் கீழே காண்க. அளவுகள் யாவும் மில்லிமீட்டரில் உள்ளன.

வரிசை எண் – நீளம் × அகலம் – சக்கரத்தின் விட்டம்
1 – 6300 × 4200 – 1295
2 – 3600 × 2400 – 740
3 – 2700 × 1800 – 555
4 – 1800 × 1200 – 370
5 – 1350 × 900 – 280
6 – 900 × 600 – 185
7 – 450 × 300 – 90
8 – 225 × 150 – 40
9 – 150 × 100 – 25

இவற்றுள் ஏழாம் அளவு மிக முக்கியமானவர்கள் செல்லும் வானூர்திகளுக்கும், எட்டாம் அளவு மகிழுந்துகளுக்கும், ஒன்பதாம் அளவு மேசைகளுக்கும் உரியவை. எந்த வரிசையை எடுத்து நீளத்தை அகலத்தால் வகுத்தாலும் விடை ஒன்றரையே. முதற்கொடி ஒன்பதாம் கொடியைப்போல் 42 மடங்கு நீளமும் 42 மடங்கு அகலமும் உடையது. பரப்பைக் கணக்கிட்டால் 1764 மேசைக்கொடிகளைச் சேர்த்தால்தான் ஒரு முதற்கொடியின் பரப்பு கிடைக்கும். ஆனால், அது 1764 மடங்கு உயர்ந்த கொடியன்று. மேசையில் நிற்கும் கொடிக்கும் கோட்டையில் பறக்கும் கொடிக்கும் மதிப்பு ஒன்றே. அவமதித்தால் வரும் தண்டனையும் ஒன்றே.

அட்டவணையில் சக்கரத்தின் விட்டத்தை உற்றுநோக்கினால் ஒரு நுட்பம் புலப்படும். பெரிய கொடிகளில் வெண்பட்டையின் அகலத்தில் சுமார் 92.5 விழுக்காடு சக்கரத்துக்கு உரியது. மேசைக்கொடியில் அது 75 விழுக்காடாகக் குறைகிறது. தீர்மானத்தில் இடம்பெற்ற 'ஏறத்தாழ' என்னும் சொல் இதற்கு இடமளிக்கிறது. சக்கரத்தின் ஆரக்கால்கள் 24. ஒரு வட்டத்தின் 360 பாகைகளை 24 ஆல் வகுக்க, அடுத்தடுத்த ஆரக்கால்களுக்கு இடையே 15 பாகை அமையும். கொடியின் இருபுறமும் சக்கரம் முழுமையாகத் தெரிய வேண்டும் என்பதும் விதி.

தெரிந்து தெளிவோம்

புது தில்லியின் கன்னாட் பிளேசு நடுப்பூங்காவில் 2014 இல் 207 அடி உயரக் கொடிக்கம்பம் நிறுவப்பட்டது. அதில் பறக்கும் கொடியின் நீளம் 90 அடி. அகலம் 60 அடி. ஒன்பது அளவுகளின் எல்லையைக் கடந்த அக்கொடியும் விகிதத்தைக் கடக்கவில்லை.

விகிதம் பிறழ்ந்தால்

விடுதலை நாளிலும் குடியரசு நாளிலும் நம் கைப்பேசிகளிலும் சுவரொட்டிகளிலும் எண்ணற்ற கொடிகள் தோன்றுகின்றன. இடத்துக்கு ஏற்றபடி படத்தை இழுத்து நீட்டுகிறோம், அல்லது ஒடுக்குகிறோம். அப்போது முதலில் துன்புறுவது சக்கரம். வட்டமாக இருக்க வேண்டியது நீள்வட்டமாகிவிடுகிறது. சாரநாத்தில் கல்லில் வடித்த சிற்பி காத்த வட்டத்தை, விரலின் ஓர் அசைவில் நாம் இழந்துவிடுகிறோம். இதனை எவரும் வேண்டுமென்று செய்வதில்லை, கவனியாமல் செய்கிறோம். ஆகவே, கொடியை வரையும்போதும் பகிரும்போதும் எளிய சோதனை ஒன்றைக் கைக்கொள்ளலாம். சக்கரம் வட்டமாக இருக்கிறதா? மூன்று பட்டைகளும் சமமாக இருக்கின்றனவா? நீளம் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கா? மூன்றுக்கும் 'ஆம்' என்னும் விடை கிடைத்தால் அது நம் கொடி.

அருகருகே நிற்கும்போது

பல நாடுகளின் கொடிகள் ஒருங்கே பறக்கும் இடங்களில் விகிதங்களின் வேறுபாடு ஒரு சிக்கலைத் தோற்றுவிக்கிறது. அமைதிக் காலத்தில் ஒரு நாட்டின் கொடியை மற்றொரு நாட்டின் கொடிக்கு மேலே பறக்கவிடலாகாது என்பது உலக மரபு. பிற நாட்டுக் கொடிகளோடு நம் கொடியை ஏற்றும்போது, கொடிக்கம்பங்கள் சம உயரம் உடையனவாக இருக்க வேண்டும் என நம் நாட்டின் விதியும் கூறுகிறது. கம்பங்களைச் சமமாக்குதல் எளிது. 11:28 விகிதக் கொடியையும் 1:1 விகிதக் கொடியையும் சமமாக்குவது எங்ஙனம்?

நியூயார்க்கில் உள்ள ஐக்கிய நாடுகள் அவைத் தலைமையகத்தின் முன் உறுப்பு நாடுகளின் கொடிகள் வரிசையாக நிற்கின்றன. நாட்டின் வலிமையோ பரப்போ அவ்வரிசையை முடிவு செய்வதில்லை. ஆங்கில அகரவரிசையே முடிவு செய்கிறது. 2002 இல் சுவிட்சர்லாந்து 190 ஆவது உறுப்பு நாடாக இணைந்தபோது, நீள்சதுரக் கொடிகளுக்கு நடுவே அதன் சதுரக் கொடியை எவ்வாறு ஏற்றுவது என்னும் வினா எழுந்தது. அந்நாடு தன் சதுரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மற்றக் கொடிகளின் பரப்பை மிஞ்சாமல் சதுரக் கொடி அமைக்கப்பட, அவையும் அதனை ஏற்றது. இன்றும் அவ்வரிசையில் அது சதுரமாகவே பறக்கிறது.

இதே சுவிட்சர்லாந்து, கடலில் செல்லும் தன் கப்பல்களுக்கு 2:3 விகிதத்தில் அமைந்த கொடியைப் பயன்படுத்துகிறது. ஐக்கிய நாடுகள் அவையும் தன் கொடியை 2:3 அல்லது 3:5 என்னும் விகிதத்தில், அல்லது அது பறக்கும் நாட்டின் கொடிக்குரிய விகிதத்தில் அமைத்துக்கொள்ள இடம் தருகிறது. தன் வடிவத்தை இழக்காமல் பிறரோடு பொருந்தி வாழ்தல் என்பதற்கு இவற்றைவிட எளிய சான்று வேண்டுமோ? எல்லாரையும் ஒரே வடிவத்துக்குள் அடைப்பது சமத்துவம் ஆகாது. அவரவர் வடிவத்தோடு ஒரே உயரத்தில் நிற்க இடம் தருவதே சமத்துவம்.

கொடியை ஏற்றும் உரிமை

நம் நாட்டில் நெடுங்காலம் குறிப்பிட்ட சில நாள்களில் மட்டுமே பொதுமக்கள் கொடியேற்ற இயன்றது. 2002 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி நெறிமுறைகள் அந்நிலையை மாற்றின. கொடியின் மாண்புக்கு ஏற்ப, எல்லா நாள்களிலும் பொதுமக்கள் கொடியேற்ற வழி பிறந்தது. நவீன் சிண்டால் வழக்கில் 2004 சனவரி 23 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நாட்டுக்கொடியை மதிப்போடு பறக்கவிடுதல் குடிமக்களின் கருத்து வெளிப்பாட்டு உரிமையின்பாற்படும் என உரைத்தது. அரசமைப்பின் 19 ஆவது உறுப்பு வழங்கும் அவ்வுரிமை, தகுந்த கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது எனவும் தெளிவாக்கியது.

கையால் நூற்று நெய்த துணியோடு 2021 டிசம்பரில் பாலியெஸ்டர் துணிக்கும் எந்திரத்தில் செய்த கொடிக்கும் இசைவு கிடைத்தது. 2022 சூலையில், பொதுமக்கள் தம் இல்லங்களில் இரவிலும் கொடியைப் பறக்கவிட இசைவு கிடைத்தது. துணி மாறியது, காலம் மாறியது, கொடி எந்த அளவிலும் இருக்கலாம். மாறாமல் நிற்பது 3:2 என்னும் விகிதம் மட்டுமே.

உரிமையும் கொடியைப் போன்றதே. அதனைச் சிறிதாகவும் பெரிதாகவும் பயன்படுத்தலாம்; ஆனால், அதற்கும் பொறுப்புக்கும் இடையே உள்ள விகிதம் குலையலாகாது.

நிறைவாக

1932 சனவரியில் திருப்பூரில் விடுதலைப் போராட்ட அணிவகுப்பு ஒன்று நடந்தது. காவலரின் தடியடியில் வீழ்ந்த இளைஞர் குமரன், தம் கையிலிருந்த கொடியை விடவில்லை. சனவரி 11 அன்று அவர் உயிர் பிரிந்தது. அன்று அவர் ஏந்தியது இராட்டை பொறித்த மூவண்ணக் கொடி. 'கொடி காத்த குமரன்' எனத் தமிழகம் அவரைப் போற்றுகிறது. அக்கொடி எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம் என எவரும் கேட்பதில்லை. கையில் அடங்கும் சிறு கொடியும் ஒரு நாட்டை முழுமையாகச் சுமக்கும் என்பதை அவர் தம் உயிரால் மெய்ப்பித்தார்.

உங்கள் குறிப்பேட்டில் 15 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு செவ்வகம் வரையுங்கள். அகலத்தை மூன்றாகப் பகுத்திடுங்கள். நடுவில் 2.5 சென்டிமீட்டர் விட்டத்தில் வட்டமிட்டு, 15 பாகைக்கு ஒன்றாக 24 ஆரக்கால்களை வரையுங்கள். நீங்கள் வரைந்தது விளையாட்டுப் படமன்று. நாட்டின் தரநிலையில் ஒன்பதாம் அளவாக இடம்பெற்றுள்ள கொடி. கோட்டையில் பறப்பதற்கும் உங்கள் தாளில் நிற்பதற்கும் கணக்கு ஒன்றே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் ஏற்றப்படும் நாட்டுக்கொடியின் நீள அகலங்களை, ஆசிரியரின் துணையோடு உரிய மதிப்புடன் அளந்து, அஃது ஒன்பது அளவுகளுள் எதற்கு நெருக்கமானது எனக் கண்டறிக.

2. பாடத்தில் கூறப்பட்டுள்ள ஐந்து நாடுகளின் கொடிகளை, அகலம் 4 சென்டிமீட்டராக இருக்குமாறு, அவற்றிற்குரிய விகிதத்தில் வரைந்து ஒப்பிடுக.

3. 'அளவு உங்களுடையது, விகிதம் நாட்டினுடையது' – இத்தொடரின் பொருளை நேபாளக் கொடியைச் சான்றாகக் கொண்டு விளக்குக.

4. 'அவரவர் வடிவத்தோடு ஒரே உயரத்தில் நிற்றல்' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.